லாட்விய மொழியில் ‘திவி’: இரண்டு என்ற சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாட்வியாவின் தலைநகரான ரீகாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் முதல் வாரத்தில் ஒன்று முதல் பத்து வரை ஒப்பித்துவிடுகிறார்கள். கடையில் போய் நின்றதும் ‘இரண்டு’ என்ற சொல்லிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். லாட்விய மொழியில் இந்தச் சொல்லுக்குப் பால் உண்டு, வேற்றுமை உண்டு. கடிகாரத்தில் அது வேறு கணக்கும் போடும். மூன்று முதல் ஒன்பது வரையிலான எண்களும் பெரும்பாலும் இதே வழியில்தான் போகின்றன என்பதால், இந்த ஒன்றைச் சரியாகப் பிடித்தால் மற்றவற்றுக்கு உழைப்பு பாதியாகிவிடும்.

லாட்வியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில், ஒற்றை மேற்கோள் குறிக்குள் தந்திருக்கிறோம். ‘திவி’ என்பதில் உள்ள தி, ‘பந்து’வில் வரும் து போல அதிர்ந்து ஒலிக்க வேண்டும், ‘பத்து’வின் து போல அல்ல.

அடிப்படை வடிவம் எது?

ஆண்பால் பெயர்ச்சொல்லோடு ‘திவி’, பெண்பால் பெயர்ச்சொல்லோடு ‘திவஸ்’. பொருள் எதுவும் இல்லாமல் வெறுமனே எண்ணும்போதும், தொலைபேசி எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லும்போதும் ஆண்பால் வடிவம்தான்: ‘வியென்ஸ், திவி, த்ரீஸ்’. லாட்விய செல்பேசி எண்கள் எட்டு இலக்கம் கொண்டவை, 2 என்ற இலக்கத்தில் தொடங்குபவை. ஆகவே உங்கள் எண்ணை யாருக்காவது சொல்லத் தொடங்கும்போது வாயில் வரும் முதல் சொல்லே பெரும்பாலும் இதுதான்.

உச்சரிப்பில் தமிழர் எங்கே தவறுகிறார்கள்?

மூன்று இடங்களில். முதலாவது, ஆங்கிலப் பழக்கத்தில் ‘டிவி’ என்று நாக்கை மடித்துச் சொல்வது. லாட்வியத்தில் நாக்கு பல்லைத்தான் தொடும். நம் தகரத்தின் இடமே சரியான இடம். ஆங்கிலத்தை மறந்துவிட்டுத் தமிழ் நாக்கோடு சொன்னாலே போதும்.

இரண்டாவது, வகரம். ‘திவி’யில் அது வகரமாகவே ஒலிக்கும். அடுத்து மெய்யெழுத்து வந்தால் உகரமாக உருகிவிடும். எழுத்தில் ‘திவ்’ என்று தொடங்கும் பன்னிரண்டு ‘தியுபத்ஸ்மித்’ என்றும், இருபது ‘தியுதெஸ்மித்’ என்றும் காதில் விழும். எழுத்தைப் பார்த்து வகரத்தை அழுத்திச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஆனால் அவர்கள் சொல்லும்போது உங்களுக்குப் புரியாது. சிக்கல் அங்கேதான்.

மூன்றாவது, குறில் நெடில். ‘திவஸ்’ என்றால் இரண்டு (பெண்பால்). ‘திவாஸ்’ என்றால் இரண்டில். ஒரு மாத்திரையில் வேற்றுமையே மாறிவிடுகிறது. ஆங்கிலேயர்களும் ரஷ்யர்களும் தடுமாறும் இந்த இடம் நமக்கு எளிது, ஏனென்றால் படம், பாடம் என்று பிரித்துக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும்: நெடிலுக்கு எழுத்தின் மேல் ஒரு கோடு போடுவார்கள். அதை விட்டுவிட்டால் அது எழுத்துப் பிழை மட்டுமல்ல, வேறு சொல்.

அழுத்தம் முதல் அசையில். ‘திவி’யின் எல்லா வேற்றுமை வடிவங்களிலும் அப்படியே.

ஆண்பாலா பெண்பாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தமிழில் உயர்திணை, அஃறிணை பார்த்து ‘இருவர்’ என்றும் ‘இரண்டு’ என்றும் பிரிக்கிறோம். அந்தப் பழக்கம் இங்கே உதவாது. மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால். காரணம் கேட்கக் கூடாது. சொல்லின் முடிவுதான் வழிகாட்டி. ஒருமையில் ஸகர, ஷகர மெய்யில் முடிந்தால் பெரும்பாலும் ஆண்பால். அகரத்திலோ எகரத்திலோ முடிந்தால் பெரும்பாலும் பெண்பால். ‘திவி கல்தி’ இரண்டு மேசைகள், ‘திவஸ் க்ராமதஸ்’ இரண்டு புத்தகங்கள்.

விதிவிலக்குகள் அன்றாடச் சொற்களில்தான் ஒளிந்திருக்கின்றன. ஸகரத்தில் முடிந்தாலும் பெண்பாலாக இருக்கும் ஒரு சிறு கூட்டம் உண்டு: இரவு, மீன், கண், காது, பசு, இதயம். ஆகவே விடுதியில் இரண்டு இரவு தங்க வேண்டுமென்றால் ‘திவஸ் நக்திஸ்’. சந்தையில் இரண்டு மீன் ‘திவஸ் ஸிவிஸ்’. எதிர்ப்பக்கத்தில், அகரத்தில் முடிந்தாலும் ‘புய்க’ (பையன்) ஆண்பால்: ‘திவி புய்கஸ்’. இந்த ஏழு சொற்களையும் எண்ணோடு சேர்த்தே மனப்பாடம் செய்வது நல்லது. பெயர்ச்சொல்லைத் தனியாகவும் பாலைத் தனியாகவும் படித்தவர்கள் பேசும்போது பாலைத் தொலைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. தமிழில் ‘இரண்டு புத்தகம் கொடுங்க’ என்று ஒருமையிலேயே ஒப்பேற்றிவிடுவோம். அங்கே இரண்டு வந்தால் பெயர்ச்சொல் பன்மையாகியே தீர வேண்டும்.

வேற்றுமை வடிவங்கள் எவை?

தமிழ் இலக்கண வரிசையில் சொன்னால் எளிதாக இருக்கும். எழுவாய்: ‘திவி’, ‘திவஸ்’. ஐ உருபுக்கு ஈடானது: ஆண்பால் ‘திவுஸ்’, பெண்பால் மாறாமல் ‘திவஸ்’. கு உருபுக்கு ஈடானது: ‘திவியெம்’, ‘திவாம்’. உடைமைப் பொருளில் இரு பாலுக்கும் ஒரே வடிவம், ‘திவு’. இல் உருபுக்கு ஈடானது: ‘திவுவொஸ்’, ‘திவாஸ்’.

தமிழில் ‘இரண்டு கடையில்’ என்றால் உருபு கடைக்கு மட்டும்தான். எண் அசையாமல் நிற்கும். லாட்வியத்தில் எண்ணும் பெயரும் இரண்டுமே உருபை ஏற்கும்: ‘திவுவொஸ் வெய்கலுவொஸ்’ இரண்டு கடைகளில், ‘திவாஸ் பில்ஸேதாஸ்’ இரண்டு நகரங்களில். எண்ணை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றுவதுதான் தமிழ் பேசுவோர் செய்யும் மிகச் சாதாரணமான பிழை.

கடையில் கேட்கும்போது எந்த வடிவம்?

நீங்கள் கேட்பது செயப்படுபொருள். ஆகவே ஐ உருபு வடிவம். காபி பெண்பால் என்பதால் ‘திவஸ் கஃபியஸ், லூத்ஸு’ என்றால் முடிந்தது (‘லூத்ஸு’ என்பது தயவுசெய்து). பயணச்சீட்டும் பெண்பால்: ‘திவஸ் பில்யெதெஸ்’. பன்றி இறைச்சி வைத்துச் சுடும் சிறு பன் போன்ற ‘பீராகி’ ஆண்பால் பன்மை. அதை ‘திவி பீராகி’ என்று கேட்டால் கொடுத்துவிடுவார்கள்தான். சரியானது ‘திவுஸ் பீராகுஸ்’. பெண்பாலில் இரண்டு வேற்றுமையும் ஒரே வடிவம் என்பதால் காபியும் டிக்கெட்டும் வாங்கியே பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு வெகுநாள் கண்ணில் படுவதில்லை.

பழைய ஜெப்பெலின் வான்கப்பல் கொட்டகைகளைக் கொண்டு கட்டப்பட்டு 1930-இல் திறக்கப்பட்ட ரீகா மத்தியச் சந்தை இதற்கு நல்ல பயிற்சிக் களம். கிலோ ஆண்பால்; எடைக்குப் பின் வரும் பொருள் உடைமை வேற்றுமையில் நிற்கும்: ‘திவுஸ் கிலொக்ரமுஸ் கர்துபெல்யு’ என்றால் இரண்டு கிலோ உருளைக்கிழங்கு.

விலை எப்படிச் சொல்வார்கள்?

2014 ஜனவரி 1 முதல் நாணயம் யூரோ. லாட்வியத்தில் ‘எய்ரொ’, எந்த வேற்றுமையிலும் உருமாறாத ஆண்பால் சொல். ஆகவே மாற்றம் முழுவதும் எண்ணின் தலையில் விழுகிறது. ‘திவி எய்ரொ’ இரண்டு யூரோ. ‘மன் நவ் திவு எய்ரொ’ என்னிடம் இரண்டு யூரோ இல்லை. இல்லை என்ற சொல்லோடு உடைமை வேற்றுமை வரும்.

விலைச்சீட்டில் 2,22 என்று இருந்தால் அது இரண்டு யூரோ இருபத்திரண்டு சென்ட். காற்புள்ளிதான் அங்கே தசமப் புள்ளி. முழுதாகப் படித்தால் ‘திவி எய்ரொ தியுதெஸ்மித் திவி த்ஸென்தி’. காசாளர்கள் யூரோவையும் சென்ட்டையும் விழுங்கிவிட்டு ‘திவி தியுதெஸ்மித் திவி’ என்று ஓட்டிவிடுவார்கள்.

பன்னிரண்டு, இருபது, இருபத்திரண்டு, இருநூறு?

பன்னிரண்டும் (‘தியுபத்ஸ்மித்’) இருபதும் (‘தியுதெஸ்மித்’) பெயர்ச்சொல்லின் முன் உருமாறாதவை. பால் இல்லை, வேற்றுமை இல்லை. அப்பாடா என்று இருக்கும். அவற்றின் பின் வரும் பெயர்ச்சொல் எழுவாய்ப் பன்மையிலும் வரலாம், உடைமைப் பன்மையிலும் வரலாம். பன்னிரண்டு மாணவர்கள் என்பதற்கு ‘ஸ்துதென்தி’ என்றும் ‘ஸ்துதென்து’ என்றும் கேட்பீர்கள். இரண்டும் சரி.

இருபத்திரண்டில் பழைய தொல்லை திரும்ப வருகிறது. கடைசிச் சொல் மட்டும் மாறும்: ‘தியுதெஸ்மித் திவி கதி’ (22 ஆண்டுகள்), ‘தியுதெஸ்மித் திவஸ் க்ராமதஸ்’ (22 புத்தகங்கள்). பக்கத்திலேயே இருக்கும் 21-ஐக் கவனியுங்கள்: அது ஒன்றில் முடிவதால் பெயர்ச்சொல் ஒருமை, ‘தியுதெஸ்மித் வியென்ஸ் கத்ஸ்’. இருபத்தோராவது பிறந்தநாளில் ஒருமையில் இருப்பவர் அடுத்த ஆண்டு பன்மைக்கு மாறுகிறார்.

இருநூறுக்கு ‘தியுஸிம்த்’ என்று ஒரே சொல்லாகவும் ‘திவி ஸிம்தி’ என்று இரு சொல்லாகவும் சொல்லலாம்.

வயதும் உறவும் சொல்லும்போது?

இங்கே தமிழ் கைகொடுக்கிறது. ‘எனக்கு 22 வயது’, ‘எனக்கு இரண்டு தம்பிகள்’ என்று நாம் கு உருபில் சொல்வதை அவர்களும் அப்படியே சொல்கிறார்கள். ‘மன்’ என்றால் எனக்கு, ‘இர்’ என்றால் இருக்கிறது: ‘மன் இர் தியுதெஸ்மித் திவி கதி’, ‘மன் இர் திவி ப்ரால்யி’, ‘மன் இர் திவஸ் மாஸஸ்’ (இரண்டு சகோதரிகள்). அண்ணன் தம்பி, அக்கா தங்கை வேறுபாடு மட்டும் சொல்லில் வராது.

முன்னிடைச்சொல் வந்தால் என்ன ஆகும்?

இது பலருக்குப் பாடப்புத்தகத்திலும் நழுவிப்போகும் இடம். ‘பிறகு’, ‘ஓடு’ போன்ற பொருளில் பெயருக்கு முன்னால் வரும் சொற்களே முன்னிடைச்சொற்கள். லாட்வியத்தில் அவை ஒருமையில் ஆளுக்கொரு வேற்றுமை கேட்கும். பன்மையில் எல்லாமே கு உருபு வடிவத்துக்கு வந்துவிடும். ஒரு ஆண்டுக்குப் பிறகு: ‘பேத்ஸ் வியென கத’ (உடைமை ஒருமை). இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு: ‘பேத்ஸ் திவியெம் கதியெம்’. ஒரு சீட்டோடு என்றால் ஐ உருபு வடிவம். இரண்டு சீட்டுகளோடு என்றால் ‘அர் திவாம் பில்யெதேம்’. இரண்டு எப்போதும் பன்மை என்பதால், முன்னிடைச்சொல்லுக்குப் பின் ‘திவியெம்’ அல்லது ‘திவாம்’ என்று கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

பெயருக்குப் பின்னால் வரும் ‘தேல்ய்’ (காரணமாக) மட்டும் இந்த வரிசையில் சேராது: ‘திவு இயெமெஸ்லு தேல்ய்’, இரண்டு காரணங்களால். வாடகை ஒப்பந்தத்தில் பார்க்கும் ‘திவு கது லீகும்ஸ்’ (ஈராண்டு ஒப்பந்தம்) என்பதிலும் அதே ‘திவு’தான்.

மணி சொல்வது ஏன் குழப்புகிறது?

‘மணி இரண்டு’ என்பதில் குழப்பம் இல்லை: ‘புல்க்ஸ்தெனிஸ் இர் திவி’. இரண்டு மணிக்கு என்றால் இல் உருபு வடிவம், ‘திவுவொஸ்’. பெயருக்கு முன் உருமாறாத பன்னிரண்டுகூடக் கடிகாரத்தில் ‘தியுபத்ஸ்மிதுவொஸ்’ என்று உருபு ஏற்கும். இரண்டு முதல் நான்கு வரை: ‘நுவொ திவியெம் லீத்ஸ் செத்ரியெம்’. அலுவலகக் கதவில் தொங்கும் நேர அட்டையில் இதைத்தான் எண்ணில் எழுதியிருப்பார்கள்.

ஆபத்து அரை மணியில். ‘புஸ்திவி’ என்று கேட்டால் நம் மூளை உடனே ‘இரண்டரை’ என்று பெயர்த்துவிடும். அது ஒன்றரை. ‘புஸ்’ என்றால் பாதி. இரண்டை நோக்கிப் போகும் மணியில் பாதி ஆகியிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. யாராவது ‘புஸ்திவுவொஸ்’ சந்திக்கலாம் என்றால் 1.30-க்குப் போக வேண்டும். 2.30-க்குப் போனால் ஒரு மணி நேரம் தாமதம். இரண்டரை மணி ‘புஸ்த்ரீஸ்’, அதாவது பாதி மூன்று. கொஞ்ச நாளைக்கு, கேட்ட எண்ணிலிருந்து அரை மணியைக் கழியுங்கள். பிறகு தானாக வரும். சந்தேகம் இருந்தால் ‘13.30?’ என்று எண்ணில் எழுதிக் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். கால அட்டவணைகள் எல்லாம் 24 மணிக் கணக்கில் இருப்பதால் ரயிலுக்கு இந்தக் கவலை இல்லை, பேச்சில்தான்.

இரண்டுக்கு ஐந்து நிமிடம் ‘பெஸ் பியெத்ஸாம் திவி’ (ஐந்து இல்லாமல் இரண்டு). இரண்டு ஐந்து ‘பியெத்ஸஸ் பாரி திவியெம்’.

அப்படியானால் ஒன்றரை மணி நேரம் என்று அளவைச் சொல்ல?

கடிகார மணி வேறு, கால அளவு வேறு. அளவுக்கு ‘புஸுவொத்ர’ என்று தனிச் சொல்: ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன் என்பதில் ‘புஸுவொத்ரு ஸ்துன்து’. இரண்டரை என்ற அளவுக்கு ‘திவர்புஸ்’; இது உருமாறாது. இரண்டு மணி நேரம் என்ற கால அளவு ஐ உருபு வடிவில் வரும்: ‘திவஸ் ஸ்துன்தஸ்’, ‘திவுஸ் கதுஸ்’ (இரண்டு ஆண்டுகளாக).

‘இரண்டாவது’ என்பது?

‘திவி’யோடு ஒட்டுறவே இல்லாத சொல்: ஆண்பால் ‘உவொத்ரைஸ்’, பெண்பால் ‘உவொத்ரா’. எழுத்தில் எண்ணுக்குப் பின் ஒரு புள்ளி வைத்தால் அது ‘ஆவது’. தேதியில் ஆண்டும் நாளும் இப்படிப் புள்ளியோடுதான் நிற்கும், ஆண்டு முதலில். மே 2 அன்று என்பது ‘உவொத்ரயா மையா’. செவ்வாய்க்கிழமை ‘உவொத்ர்தியென’: வாரம் திங்களில் தொடங்குவதால் செவ்வாய் இரண்டாம் நாள்.

பேருந்து, டிராம் எண்களையும் பேச்சில் ‘ஆவது’ போட்டே சொல்வார்கள். ரீகா விமான நிலையத்துக்கும் நகர மையத்துக்கும் இடையே ஓடும் 22-ஆம் எண் பேருந்து ‘தியுதெஸ்மித் உவொத்ரைஸ் அவ்தொபுஸ்’. நிறுத்தத்தில் ‘தியுதெஸ்மித் திவி’ என்ற சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் அது வரவே வராது.

மாடிக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். தரைத்தளம்தான் அங்கே முதல் தளம். ‘உவொத்ரைஸ் ஸ்தாவ்ஸ்’ என்று சொன்னால் நாம் முதல் மாடி என்கிறோமே, அங்கே ஏறினால் போதும்.

‘மற்றொன்று’ என்ற பொருளில் ‘உவொத்ர்ஸ்’ என்ற குறுகிய வடிவம் வரும். ஒன்று, மற்றொன்று: ‘வியென்ஸ்’, ‘உவொத்ர்ஸ்’.

‘இருவரும்’, ‘இரண்டு பேராக’, ‘இரண்டு முறை’?

இருவரும், இரண்டும் என்ற உம்மைப் பொருளுக்கு ‘அபி’, பெண்கள் மட்டும் அல்லது பெண்பால் பொருள்கள் என்றால் ‘அபஸ்’ (பகரம் ‘அம்பு’வில் உள்ளது போல). கணவனும் மனைவியும் என்று கலந்து வந்தால் ஆண்பால் வடிவம். இரண்டு பேராகச் சேர்ந்து போவது ‘திவதா’. உணவகத்தில் இருவருக்கு மேசை கேட்க ‘கல்தின்யு திவியெம், லூத்ஸு’.

இரண்டு முறைக்கு ‘தியுரெய்ஸ்’ அல்லது ‘திவஸ் ரெய்ஸெஸ்’. பெருக்கல் வாய்பாட்டில் முதல் வடிவம். மருந்துச் சீட்டில் இரண்டாவதைப் பார்ப்பீர்கள்: ‘திவஸ் ரெய்ஸெஸ் தியெனா’ என்றால் நாளைக்கு இரண்டு வேளை. அதோடு ‘ப திவாம் தப்லெதேம்’ என்று இருந்தால் ஒவ்வொரு வேளைக்கும் இரண்டிரண்டு மாத்திரை. ‘ப’ என்பதுதான் அந்த ‘இரண்டிரண்டாக’. அதைக் கவனிக்காமல் விட்டால் நாள் முழுவதற்கும் இரண்டு மாத்திரை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

முன்னொட்டாக எங்கெல்லாம் வரும்?

சைக்கிள் ‘தியுரிதெனிஸ்’, இரு சக்கரம். விடுதியில் இருவர் தங்கும் அறை ‘தியுவியெதீக்ஸ்’. வீட்டு விளம்பரங்களில் ‘திவிஸ்தபு’ என்று வந்தால் இரண்டு அறை வீடு. ஆனால் அவர்கள் கூடத்தையும் ஓர் அறையாகவே எண்ணுவார்கள். நம் கணக்கில் அது 1 பிஹெச்கே. இரண்டு படுக்கையறை வேண்டுமானால் மூன்று அறை வீட்டைத் தேடுங்கள். ‘தியுனியெக்ஸ்’ என்பது 2 என்ற இலக்கம். பள்ளியில் பத்துக்கு இரண்டு மதிப்பெண் வாங்கினாலும் அதே சொல். தேற நான்கு வேண்டும்.

சமஸ்கிருதத்தோடு உறவு உண்டா?

உண்டு. லாட்வியமும் லித்துவேனியமும் இன்று வழக்கிலுள்ள பால்டிக் மொழிகள். இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. துவிதியை, அத்வைதம் என்ற சொற்களில் நாம் கடன் வாங்கி வைத்திருக்கும் ‘துவி’யும் ‘திவி’யும் ஒரே வேரின் கிளைகள். ‘த்ரீஸ்’ என்பதற்குத் திரிசூலத்தையும், ஏழான ‘ஸெப்தின்யி’க்குச் சப்தஸ்வரத்தையும், பத்தான ‘தெஸ்மித்’துக்குத் தசாவதாரத்தையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். நினைவில் நிறுத்த உதவும். வேற்றுமை போட உதவாது.

இரண்டு பூ கொடுக்கலாமா?

வேண்டாம். லாட்வியாவில் மகிழ்ச்சியான நிகழ்வுகளுக்கு ஒற்றைப்படையில்தான் பூ கொடுப்பார்கள். இரட்டைப்படை துக்க வீட்டுக்கு உரியது. பூக்கடையில் ‘திவி ஸியெதி’ என்று தப்பித்தவறிக் கேட்டுவிட்டால், பிறந்தநாளுக்கு என்றால் மூன்றாக்கிக்கொள்ளுங்கள்.

எதை முதலில் படிப்பது?

ஐந்து வேற்றுமையையும் முதல் நாளே ஒப்பிக்க வேண்டியதில்லை. ‘திவி’, ‘திவஸ்’ இரண்டையும் இருபது பெயர்ச்சொற்களோடு சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள். அடுத்து ‘திவுவொஸ்’, ‘புஸ்திவுவொஸ்’ என்ற மணிச் சொற்கள். அதன்பின் ஆண்பால் பொருளை வாங்க ‘திவுஸ்’. முன்னிடைச்சொற்களோடு ‘திவியெம்’, ‘திவாம்’ கடைசியில். ‘திவு’ படிக்கும்போது கண்ணில் பட்டுப் பட்டுத் தானாகப் பதிந்துவிடும்.

பன்மையிலேயே இருக்கும் பெயர்களுக்கு என்ன செய்வது?

கதவு, மூக்குக்கண்ணாடி, கத்தரிக்கோல் போன்ற சொற்களுக்கு லாட்வியத்தில் ஒருமையே கிடையாது. இலக்கண முறைப்படி இவற்றுக்குத் தனி எண் வடிவம் உண்டு: இரண்டு கதவு என்பதற்கு ‘திவேயஸ் துர்விஸ்’. பேச்சில் ‘திவஸ் துர்விஸ்’ என்றும் சொல்வார்கள். தேர்வுத் தாளில் முதல் வடிவத்தை எழுதுங்கள்.